மஞ்சப்பை அப்பா

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் காலை இ-சேவை மையத்துப் பக்கம் போய்ப் பாருங்கள். ஷட்டர் தூக்கும் முன்பே படியில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். மடியில் ஜவுளிக்கடை மஞ்சப்பை. டீ குடிக்கும்போதும் அது கக்கத்தை விட்டு இறங்காது. ரேஷன் ஸ்மார்ட் கார்டு, வீட்டிலுள்ள அத்தனை பேர் ஆதார், மாமனாரின் இறப்புச் சான்றிதழ் என்று மொத்தக் குடும்பமும் அதற்குள் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஆறு ஜெராக்ஸ். "எதுக்குண்ணே ஆறு?" என்றேன். "ஏழாவதா ஒண்ணு கேட்டா என்ன பண்றதுன்னுதான் யோசனையா இருக்கு" என்றார்.

இவருக்கு ஜென்ம விரோதி இனிஷியல். மகள் தேன்மொழிக்கு அது மார்க்‌ஷீட்டில் பின்னால், ஆதாரில் முன்னால், பாஸ்புக்கில் ஆளையே காணோம். போதாக்குறைக்கு, இங்கிலீஷில் 'ழ' ஓரிடத்தில் இசட்-எச், இன்னோரிடத்தில் வெறும் எல். "பேசாம லட்சுமின்னு வெச்சிருக்கலாம்" என்று நொந்துகொள்வார். "அதுல இன்னும் நாலு விதம் இருக்குங்கய்யா" என்பாள் கம்ப்யூட்டர் முன்னால் இருக்கும் பெண்.

அரசுப் பள்ளியில் ஆறாவதிலிருந்து படித்த பெண்களுக்குக் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய். 2022இல் வந்த புதுமைப் பெண் திட்டம். அந்தப் பணம், ஆதாரோடு கடைசியாக இணைத்த கணக்கைத் தேடிப் போய் விழும். பக்கத்துத் தெருப் பெண்ணுக்கு மறந்துபோன பழைய கணக்கில் விழுந்து கிடந்த கதையை, கேட்காதவர்களுக்கும் சொல்லுவார்.

வருமானச் சான்றிதழுக்கு 60 ரூபாய் கட்டியாயிற்று. "ஆன்லைன்ல தானா போயிடும், நீங்க வீட்டுக்குப் போங்க" என்றால் கேட்பாரா? மனு வி.ஏ.ஓ.விடம் போனால் இவரும் போவார். ஆர்.ஐ.யிடம் நகர்ந்தால் அங்கேயும் வாசலில் நிற்பார், மஞ்சப்பையோடு.

ஆனால் இவர் நெஞ்சு நிமிர்வது முதல் பட்டதாரிச் சான்றிதழ் கவுன்ட்டரில்தான். குடும்பத்தில் வேறு பட்டதாரி இல்லையென்றால் தொழிற்படிப்புக் கட்டணத்தில் சலுகை. 2010-11 கல்வியாண்டிலிருந்து இருக்கிறது. படிக்காததை இவ்வளவு மரியாதையாக விசாரிக்கிற இடம் வேறு எனக்குத் தெரிந்து இல்லை. "எங்கய்யா பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்கினதில்ல சார்" என்பார், பரம்பரைச் சொத்தைச் சொல்வதுபோல.

"நீங்க?"

இவர் பி.காம். ரெண்டு பேப்பர் அரியர். கல்யாணமான நாளிலிருந்து மனைவி குத்திக்காட்டி வரும் அதே ரெண்டு பேப்பர். "முடிக்கல தம்பி. நல்லா பார்த்து எழுதிக்குங்க, முடிக்கல" என்று குரலை உயர்த்துவார். "அன்னிக்கு நான் பாஸாகியிருந்தா இன்னிக்கு எம்பொண்ணுக்கு இது கிடைக்குமா?"

சான்றிதழ் கைக்கு வந்த அன்று ஏழு ஜெராக்ஸ் எடுத்தார். ஏழாவது, வீட்டம்மாவிடம் காட்ட.