மை நாடா இருக்கிறதா?

1996இல் காப்காம் வெளியிட்ட ‘ரெசிடென்ட் ஈவில்’ வீடியோ ஆட்டம் இன்றும் பயமுறுத்துமா என்று கேட்கிறார்கள். பயமுறுத்தும். அதில் நடமாடும் பிணங்களைவிட அதிகமாகத் தட்டச்சுப் பொறி.

ஆட்டத்தைச் சேமிக்க வேண்டுமென்றால் கதை நடக்கும் பாழும் மாளிகையில் தட்டச்சுப் பொறியைத் தேடிப் போக வேண்டும். போனால் மட்டும் போதாது, மை நாடாவும் கொண்டு போக வேண்டும். நாயகன் கிறிஸ்ஸிடம் பொருள் வைக்க ஆறே இடம். துப்பாக்கி, தோட்டா, மூலிகை, சாவி என்று அடுக்கினால் நாடாவுக்கு எங்கே போவது? சிறப்புப் படை வீரருக்கு ஒரு ஜோல்னாப் பை கொடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. நாயகி ஜில்லுக்கு எட்டு இடம், கொடுத்துவைத்தவர்.

ஆளைத் திருப்புவது சந்துக்குள் லாரியைத் திருப்புவது போல. நல்லவேளை, பிணங்களும் அவசரப்படுவதில்லை. கூரை இறங்கி நசுங்கப் பார்த்த ஜில்லைக் காப்பாற்றிய சக வீரர் பாரி, சாண்ட்விச் ஆகியிருப்பாயே என்று ஜோக்கடிக்கிறார். கூரையே தேவலை.

கதவுகளை மட்டும் குறை சொல்ல மாட்டேன். கும்மிருட்டில் ஒற்றைக் கதவு கிரீச்சென்று மெல்லத் திறக்கும். நமக்கு அடிவயிறு கலங்கும். உண்மையில் வட்டிலிருந்து அடுத்த அறை ஏறிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். தாமதத்தையே திகிலாக விற்ற சாமர்த்தியம் இன்றைய நொடியில் ஏறும் ஆட்டங்களுக்கு வாய்க்கவில்லை.

எந்த ஜன்னலை உடைத்து நாய் பாயும் என்பது எனக்குப் பல வருடமாக மனப்பாடம். போன வாரமும் கன்ட்ரோலரைக் கீழே போட்டேன்.