மல்லி போட்ட பீரும் லூவன் பேராண்டியும்

ஏலே பேராண்டி, பெல்ஜியத்துல இருக்குற லூவனுக்குப் படிக்கப் போனவன் பக்கத்து ஊரு ஹூகார்டனுக்குப் பீரு ருசி பாக்கப் போறேன்னு போன்ல சொன்னியே, சந்தோசம். தாத்தா அதச் சொட்டுக்கூடத் தொட்டதில்ல, ஊருக்கே தெரியும். ஆனா கேள்வி ஞானம் கொஞ்சம் உண்டு. காதுல வாங்கிக்கோ.

மொதல்ல கிளாசப் பாத்து மொகஞ்சுளிக்காத. கலங்கலாத்தான் இருக்கும். மொளகட்டாத கோதுமையும் வாற்கோதுமை மால்ட்டும் சேத்துக் காய்ச்சி, ஈஸ்ட்ட வடிகட்டாம விட்டா வேற எப்படி இருக்கும்? 'கழனித்தண்ணி மாதிரில்ல இருக்கு'ன்னு அங்க சொல்லித் தொலச்சிராத, அடிக்க வந்துருவான். பாட்டில்ல முக்கால்வாசி ஊத்திட்டு, மிச்சத்த லேசா ஒரு சுத்து சுத்தி, அடியில கெடக்குற வண்டலையும் சேத்து ஊத்தணும். நுரை அடங்குமுன்ன மூக்கக் கொண்டுபோ. எலுமிச்சத் துண்டு குடுத்தா ஓரமா வச்சிரு. அதப் பிழிஞ்சிட்டா உள்ள இருக்குற வாசத்த எப்படிக் கண்டுபிடிப்ப?

அந்த வாசம் என்னன்னு நெனைக்க? மல்லி! உங்க ஆச்சி ரசப்பொடிக்கு வறுப்பாளே, அதே கொத்தமல்லி வெரதான். பீரு காய்ச்சுறவன் அத வறுக்காமலே ஒண்ணுரெண்டா இடிச்சு, காய்ச்சி எறக்கப்போற நேரத்துல போடுவான். வறுக்காத மல்லியில புளிப்புப் பழவாசம் தூக்கலா நிக்கும். கூடவே கரீபியன் கடல்ல இருக்குற குரசோ தீவு ஆரஞ்சுத் தோலு. ஸ்பெயின்காரன் நட்ட நல்ல ஆரஞ்சு அந்த வறண்ட மண்ணுல கசந்துபோச்சு. பழத்த வாயில வைக்க முடியாது, தோலக் காயவச்சா கமகமங்குது. பெறகு வந்த டச்சுக்காரன் அதையும் காசாக்கிட்டான்.

பக்கத்துல ஒருத்தன் கண்ண மூடிக்கிட்டு, 'அடிநாக்குல மெல்லிசா ஒரு கீழைநாட்டு மசாலா'ம்பான். நீ தலைய மட்டும் ஆட்டு. ஆச்சியோட அஞ்சறைப் பெட்டிய நெனச்சுச் சிரிச்சிராத. யூரோல காசு குடுத்துட்டுச் சிரிச்சா வயித்தெரிச்சல் நமக்குத்தான்.

இதுல எனக்குப் பிடிச்ச ஆளு பியர் செலிஸ். பால்காரர். ஹூகார்டன்ல இந்தக் கலங்கலான வெள்ளை பீர் காய்ச்சின கடைசி ஆலைய 1950கள்லயே மூடிட்டாங்க. சின்ன வயசுல அங்க ஒத்தாசைக்குப் போன பழக்கத்துல, 1966ல இவரு மறுபடி அடுப்பப் பத்தவச்சாரு. நம்மூரு பால்காரன் பாலுல தண்ணி கலப்பான். அந்த மனுசன் பாலையே விட்டுட்டுத் தண்ணியில எறங்கிட்டாரு! 1985ல ஆலை தீப்பிடிச்சுது. பெரிய கம்பெனி ஒண்ணு கைகுடுத்துச்சு. குடுத்த கையே பெறகு ஆலையையும் வாங்கிக்கிச்சு. மனுசன் மூலையில உக்காரலியே! டெக்சாஸ் ஆஸ்டினுக்குப் போயி 1992ல புதுசா ஒரு ஆலையப் போட்டாரு.

குடிக்குமுன்ன லேபிள்ல நம்பரப் பாரு. ஹூகார்டன்ல 4.9 சதம்னு போட்டிருக்கும், நாலு பேரோட உக்காந்து கதை பேசலாம். அதே மேசையில வெஸ்ட்மாலே டிரிப்பல்னு ஒண்ணு வரும், 9.5 சதம். சாமியாருங்க மடத்துல காய்ச்சுறது, தீர்த்தம்னு நெனச்சு மடக்குமடக்குன்னு குடிச்சேன்னு வையி, அறைக்கு உன்ன நாலு பேரு தூக்கிட்டுத்தான் வரணும்.

லீவுக்கு வரும்போது பெட்டியில வேட்டிய நல்லாச் சுத்தி உள்ள வையி, பாட்டில் ஒடையாது. ஆச்சி கண்ணுல பட வேண்டாம். ஆளுக்கு ரெண்டு லிட்டர் வரைக்கும் சுங்கத்துல வரியில்லாம விடுவாங்களாம். இதுவும் கேள்விப்பட்டதுதான்.