சூப்பு வைக்காத கால்

எங்கள் கொடுங்கையூரில் யாருக்காவது கால் உடைந்தால் தெருவே சேர்ந்து மருந்து சொல்லும்: நாட்டுக்கோழி சூப். நாட்டு வைத்தியரிடம் கட்டுப் போடப் போனால் உளுந்து மாவோடு முட்டை வெள்ளைக்கரு. ஆக மொத்தம் எலும்பு வைத்தியம் முழுக்கக் கோழியின் தலையில்தான் விடிகிறது. அப்படிப்பட்ட ஊரில் கோழிக்கே கால் உடைந்தால் அதற்கு என்ன கொடுப்பது என்று ஒருவரும் யோசித்து வைத்திருக்கவில்லை.

விடியற்காலையில் எருக்கஞ்சேரி நெடுஞ்சாலையில் நின்று பார்த்தால் தெரியும். பைக்கின் இரண்டு பக்கமும் கொத்துக் கொத்தாகக் கோழிகள், கால் மேலே, தலை கீழே. விலங்கைத் துன்புறுத்தி எடுத்துச் செல்வது 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படியே குற்றம். கோழிகள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு அந்தச் சட்டத்தைப் படிக்க முயற்சி செய்கின்றன போலும். அப்படி ஒரு கொத்திலிருந்து வேகத்தடையில் அவிழ்ந்து விழுந்த செவலைக் கோழி ஒன்று, ஒரு காலை இழுத்துக்கொண்டு எங்கள் வீட்டு கேட்டுக்குள் நுழைந்து, செருப்பு ஸ்டாண்டுக்கு அடியில் உட்கார்ந்துவிட்டது. வண்டிக்காரன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மாமியார் வெளியே வந்தார். கோழியைப் பார்த்தார். மிளகு இருக்கிறதா என்று கேட்டார்.

"கால் உடைஞ்சிருக்கு அத்தே."

"அதனாலதான் கேக்கறேன். ஓடாது."

என் மகள் அழ ஆரம்பித்ததால் மிளகு விஷயம் தள்ளிவைக்கப்பட்டது. ஆனால் மாமியார் ஒரு நிபந்தனை போட்டார்: "பேர் மட்டும் வைக்காதீங்க. பேர் வச்சிட்டா அப்புறம் தொண்டையில இறங்காது." இது பின்னால் எவ்வளவு பெரிய சட்டச் சிக்கலாகும் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

முதலுதவிக்கு வந்தவர் பக்கத்துத் தெருப் புறாக்காரத் தம்பி. வடசென்னையில் பந்தயப் புறா வளர்ப்பவர்கள் பாதி டாக்டர்கள். கர்ணப்புறாவை மணிக்கணக்கில் வானத்தில் நிறுத்தத் தெரிந்தவருக்கு ஒரு கோழியைத் தரையில் நிறுத்தத் தெரியாதா? ஐஸ் குச்சியைப் பிளந்து, பஞ்சு வைத்து, பிளாஸ்திரி சுற்றினார். "கோயி காலும் புறா காலும் ஒண்ணுதான்க்கா. ரெக்கை ஒடஞ்சாத்தான் பேஜாரு" என்றார். காசிமேட்டில் வேலை செய்யும் எதிர்வீட்டுக்காரர் தங்குவதற்கு ஒரு மீன் பெட்டியும் தின்பதற்குக் கிளிஞ்சல் தூளும் கொடுத்தார். பெட்டி நல்ல பெட்டி. வாசத்துக்குத் தெருப் பூனைகள் அத்தனையும் நலம் விசாரிக்க வந்ததுதான் ஒரே குறை.

மறுநாள் ஒயர் கூடையில் வைத்து வேப்பேரிக்குக் கொண்டுபோனோம். 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி. அதன் மருத்துவமனை வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒரு லேப்ரடார், பின்னால் ஒரு பெர்சியன் பூனை. லேப்ரடாரின் சொந்தக்காரர் கூடைக்குள் எட்டிப் பார்த்து, "என்ன பிரீட்?" என்றார். நாட்டு என்றேன். அவர் நாய் கோழியைப் பார்த்த பார்வை எனக்குப் பழக்கமானது. மாமியாருடையது.

இந்தக் கல்லூரி அடங்கிய பல்கலைக்கழகத்தார் 'நந்தனம் கோழி' என்று ஒரு இனத்தையே உருவாக்கியவர்கள். நந்தனத்தின் பெயரில் கோழி இருக்கிறது. எங்கள் ஊர் பெயரில் குப்பைக்கிடங்குதான் இருக்கிறது. போகட்டும்.

டாக்டர் கட்டைப் பிரிக்காமலே திருப்பித் திருப்பிப் பார்த்து, "யார் போட்டது? நல்லாத்தான் இருக்கு" என்றார். பறவை எலும்பு சீக்கிரம் கூடிவிடுமாம், மூன்று வாரம் அலையவிடாமல் வைத்தால் போதுமாம். "குஞ்சு பொரிக்கிற கணக்குதான்" என்றார் மாமியார். கூடையைத் தூக்கிக்கொண்டு அவரும் வந்திருந்தார், ஏன் என்று நான் கேட்கவில்லை. முட்டை எப்போது இடும் என்று டாக்டரிடம் கேட்டார். டாக்டர் சிரித்தார். ஒரு முட்டை ஓட்டுக்குச் சுமார் 2 கிராம் கால்சியம் வேண்டும். அதில் ஒரு பங்கைக் கோழி தன் கால் எலும்புக்குள்தான் சேர்த்து வைத்திருக்கும். உடைந்திருப்பது அந்தக் கஜானா. முதலில் அது நிரம்ப வேண்டும். மாமியார் அன்றிலிருந்து கிளிஞ்சல் தூளைத் தன் கையாலேயே வைத்தார்.

வலிக்கு டாக்டர் மெலாக்சிகாம் எழுதினார். வீட்டில் மாமனாரின் முழங்கால் ஜெல் இருக்கிறதே, தடவலாமா என்று கேட்டதற்கு முகம் மாறிவிட்டது. அதில் இருப்பது டைக்ளோஃபெனாக். அந்த மருந்து ஏறிய உடம்போடு செத்த மாடுகளைத் தின்ற பாறுக் கழுகுகள் நாடு முழுக்கக் கூட்டங்கூட்டமாக அழிந்தன. 2006-இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். மிச்சமிருக்கும் கழுகுகளை நம் பக்கத்தில் பார்க்க வேண்டுமென்றால் நீலகிரி அடிவாரத்து மோயாறுக்குப் போக வேண்டும். மாமனாரின் ஜெல் மறுபடி மாமனாருக்கே ஒதுக்கப்பட்டது.

மருந்துக் கடையில்தான் பெயர்ச் சிக்கல் வந்தது.

"பேஷன்ட் பேரு?"

"கோழிங்க."

"பேரு போடாம பில் வராதுக்கா. வயசும் வேணும்."

பெயர் வைக்கத்தான் தடையாயிற்றே. கடைப் பையன் பொறுமை இழந்து என் பெயரையும், கேட்டதற்கு நான் சொன்ன என் வயதையும் அடித்துவிட்டான். மருந்தின் அளவைப் பார்த்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

மொட்டை மாடிக்கு வந்த பிறகுதான் கோழி தன் வேலையைக் காட்டியது. கிடங்கின் புண்ணியத்தில் எங்கள் வானத்தில் பருந்துகளுக்குக் குறைவில்லை. பருந்து நிழல் தட்டினால் தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் மேலே பார்த்து ஒரு குரல். பூனை வந்தால் முற்றிலும் வேறு குரல். ஆகாய எதிரிக்கும் தரை எதிரிக்கும் கோழி தனித்தனி எச்சரிக்கை வைத்திருப்பதை ஆய்வாளர்களும் உறுதி செய்திருக்கிறார்கள். மாமியார் ஆய்வாளர்களுக்காகக் காத்திருக்கவில்லை. வடாம் காயும்போது கோழியைப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, அவர் கீழே சீரியல் பார்த்தார். தெருவில் "இன்னா ஆயா, எப்போ கொயம்பு?" என்று கேட்டவர்களிடம், "ட்யூட்டியில இருக்கு" என்று சொல்லக் கேட்டேன்.

கட்டுப் பிரித்துக் கோழி சுவரோரமாக நடை பழகிய சமயத்தில் கறிக்கடைக்காரர் வந்தார். அது தன் கடைக்கு வந்த சரக்காம். விட்டுவிடுகிறேன், விலையைக் கொடுங்கள் என்றார். தராசும் கையோடு கொண்டுவந்திருந்தார். ஒன்றே முக்கால் கிலோ.

"வந்தப்போ ஒண்ணேகால்தான் இருந்துது. மீதி அரை கிலோ எங்க வூட்டுக் கம்பு!" என்று மாமியார் சண்டைக்கு நின்றார். அதோடு விடவில்லை. வைத்தியச் செலவைக் கழிக்க வேண்டும் என்று மருந்துக் கடை பில்லை எடுத்துவந்து நீட்டினார்.

கடைக்காரர் அதை வெளிச்சத்தில் பிடித்து வரி வரியாகப் படித்தார்.

"இன்னா ஆயா, வயசு நாப்பத்தெட்டுன்னு போட்டுக்கீது?"

"ஆமா," என்றார் மாமியார், கண் இமைக்காமல். "கெழட்டுக் கோழி. எந்தக் குக்கர்ல வேகும், சொல்லு?"

பாதி விலைக்கு முடிந்தது.