டோங்காவின் ஊருக்கு ஒரு டிக்கெட்

ஷெர்லாக் ஹோம்ஸ் என்று ஒருவர் பிறக்கவே இல்லை. அதனாலென்ன? லண்டன் பேக்கர் தெருவில் அவருக்கு வீடு இருக்கிறது. காசு கொடுத்தால் அவர் உட்காராத நாற்காலியைப் பார்த்துவிட்டு வரலாம். அதே விலாசத்தில் முன்பு இருந்த வீட்டுக்கடன் நிறுவனம், அவர் பெயருக்கு வரும் கடிதங்களுக்குப் பதில் போடவே ஓர் ஆளை வைத்திருந்தது. அவர் விழுந்து செத்ததாக வாட்ஸன் நம்பிய அருவிக்கு அருகே, சுவிட்சர்லாந்தின் மைரிங்கன் ஊரில், சிலையே வைத்துவிட்டார்கள்.

ஹோம்ஸ் கதையில் அந்தமானுக்கும் பங்குண்டு. ஆனால் அங்கே போகிற நம்மவர்கள் செல்லுலார் ஜெயிலில் ‘சிறைச்சாலை’ மோகன்லாலையும் பிரபுவையும் நினைத்து உருகிவிட்டு, கடற்கரையில் ‘அந்தமான் காதலி’ சிவாஜியைத் தேடிவிட்டு விமானம் ஏறிவிடுகிறார்கள்.

விஷயம் இதுதான். 1889 ஆகஸ்டில் லண்டன் லாங்கம் ஹோட்டலில் ஓர் அமெரிக்கப் பத்திரிகை ஆசிரியர், ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கோனன் டாயிலுக்கும் ஆஸ்கார் வைல்டுக்கும் விருந்து போட்டார். சாப்பிட்ட கடனுக்கு வைல்ட் எழுதியது ‘டோரியன் கிரே’. டாயில் எழுதியது ‘நால்வர் சின்னம்’ என்ற ஹோம்ஸ் கதை; 1890 பிப்ரவரியில் வெளிவந்தது. திமிங்கில வேட்டைக் கப்பலில் ஆர்க்டிக் வரை போய்வந்தவர் டாயில். இந்தியப் பக்கம் மட்டும் அதுவரை தலைவைத்துப் படுத்ததில்லை. அந்தக் குறை கதையில் நன்றாகவே தெரிகிறது.

கதையின் வில்லன் ஜொனாதன் ஸ்மால், கங்கையில் நீந்தப் போய் வலது காலை முதலைக்குத் தாரை வார்த்தவன். 1857இல் ஆக்ரா கோட்டையில் ஒரு வியாபாரியைத் தீர்த்துக்கட்டி நகைப்பெட்டியை அமுக்குகிறான். கூட்டாளிகள் சீக்கியர்களாம். பெயர்கள்? முகமது சிங், அப்துல்லா கான், தோஸ்த் அக்பர்! அமிர்தசரஸில் இதை உரக்கப் படித்துவிடாதீர்கள். மாட்டிக்கொண்ட ஸ்மால் நம்ம மெட்ராஸ் வழியாகத்தான் அந்தமானுக்குப் போகிறான்.

அங்கே டோங்கா என்ற தீவுவாசியின் நோயைத் தீர்க்கிறான். நன்றிக்கடனாக டோங்கா அவனை ஓடத்தில் ஏற்றித் தப்ப வைத்து, லண்டன் வரை கூடவே போய், ஊதுகுழலில் விஷமுள் ஊதிக் கொலை செய்து, தேம்ஸ் நதியில் குண்டடிபட்டுச் சாகிறான். ஹோம்ஸ் ஒரு தடித்த புத்தகத்தைப் பிரித்து, அந்தமானியர் கோரத் தலையர்கள், நரமாமிசம் தின்பவர்கள் என்று வாட்ஸனுக்கு வாசித்துக் காட்டுகிறார். சுருட்டுச் சாம்பலை வைத்தே சுருட்டின் ஜாதகம் சொல்லும் மேதை, இதை மட்டும் வாட்ஸப் பார்வர்டு மாதிரி அப்படியே நம்பிவிட்டார். அந்தமானியரிடம் இருந்தது வில்லும் அம்பும். ஊதுகுழலும் கிடையாது, நரமாமிசமும் கிடையாது.

ஸ்மாலுக்கு டாயில் குடிசை போட்டுக் கொடுத்த இடம் மட்டும் நிஜம்: மவுண்ட் ஹாரியட் சரிவில் ஹோப் டவுன். சாத்தம் துறையிலிருந்து படகில் பாம்பூ பிளாட் போனால் அந்தப் பக்கம்தான். மலைக்கு 2021 முதல் மவுண்ட் மணிப்பூர் என்று பெயர். பழைய 20 ரூபாய் நோட்டின் பின்புறத்தில் இருந்த தென்னையும் கடலும் அங்கிருந்து தெரியும் காட்சிதான்.

அந்தக் காட்சிக்கு ஆசைப்பட்டவர்தான் வைசிராய் மேயோ பிரபு. 1872 பிப்ரவரி 8 அன்று கைதிகள் குடியிருப்பின் கட்டுப்பாட்டைச் சோதிக்க வந்தார். பகல் முழுக்கக் காவல் பலமாக இருந்தது. வேலை முடிந்ததும், பொழுது இருக்கிறதே, சூரிய அஸ்தமனம் பார்ப்போம் என்று மலையேறினார். இருட்டியபின் தீவட்டி வெளிச்சத்தில் ஹோப் டவுன் படகுத்துறைக்கு இறங்கியவரைக் கத்தியோடு பாய்ந்து சாய்த்தான் ஷேர் அலி அஃப்ரிதி. கைதிகளுக்கு முடிவெட்டும் வேலை பார்த்தவன். அடுத்த மாதமே வைப்பர் தீவில் தூக்கு. இந்தியாவின் வைசிராயே கொலையுண்ட ஊரில் ஒற்றைக்கால் திருடனைக் குடிவைத்த டாயில், அந்தக் கொலையைப் பற்றி மூச்சுவிடவில்லை.

ஸ்மாலுக்கு நிஜ வாழ்க்கையில் ஓர் அண்ணனும் உண்டு. 1858 மார்ச்சில் குடியிருப்பு தொடங்கிய சில வாரங்களில் தூத்நாத் திவாரி என்ற கைதி காட்டுக்குள் தப்பினான். தீவுவாசிகள் சோறு போட்டார்கள், பெண்ணும் கொடுத்தார்கள். ஏறக்குறைய ஓராண்டு மாப்பிள்ளை விருந்து. வெள்ளையரைத் தாக்க மாமனார் வீட்டார் திட்டமிட்டதும், ஓடிவந்து துரையிடம் போட்டுக் கொடுத்தான். 1859 மே மாதம் அந்தமானின் அபர்தீனில் அம்புக்கு எதிரே துப்பாக்கி காத்திருந்தது. மாப்பிள்ளைக்கு விடுதலை கிடைத்தது.

டாயில் கதையில் தீவுவாசி, கைதிக்காக உயிரை விடுகிறான். சரித்திரத்தில் கைதி, தீவுவாசிகளின் உயிரை விற்றான். விஷமும் எதிர்த்திசையில்தான் பாய்ந்தது. 1877இல் குடியேறியவர்கள் கொண்டுவந்த தட்டம்மை கிரேட் அந்தமானியரை வாரிக்கொண்டு போனது. ஆயிரக்கணக்கில் இருந்தவர்கள் இன்று ஐம்பதைச் சுற்றியே நிற்கிறார்கள்.

ஆகவே ஹோம்ஸ் ரசிகர்களே, ஹோப் டவுனுக்குப் போங்கள். பிறகு அபர்தீன் போரில் இறந்தவர்களுக்கான நினைவுத்தூணையும் பாருங்கள். டோங்காவின் உறவுக்காரர்களைப் பார்க்கிறேன் என்று கேமராவோடு ஜாரவா காட்டுக்குள் மட்டும் நுழையாதீர்கள். பழங்குடியினரைக் காக்க 1956 முதல் சட்டம் இருக்கிறது. மீறினால் நிஜமாகவே அந்தமான் கைதி ஆகிவிடுவீர்கள்.