கடைக்காரர்களே, ஒரு கயிறு கட்டுங்கள்

சிலாங்கூர் சட்டமன்றத் தொகுதிகளின் பட்டியலில் 1ஆம் எண் சுங்கை ஆயர் தாவார். இந்த வட்டாரத்தாருக்கு வரிசையில் முதலிடம் கிடைப்பது அநேகமாக அந்தப் பட்டியலில் மட்டும்தான். சாமான் வாங்க சபாக்குக்கோ சுங்கை பெசாருக்கோ போனால், எந்தக் கவுண்டரில் நின்றாலும் பக்கத்து வரிசைதான் நகர்கிறது. இதைத் தலையெழுத்து என்பாரும் உண்டு, சனிப்பெயர்ச்சி என்பாரும் உண்டு. ஆனால் இது வெறும் கணக்கு. ஒரே நீளத்தில் மூன்று வரிசை இருந்தால், நாம் நிற்பது முதலில் முடிவதற்கு மூன்றில் ஒரு பங்குதான் வாய்ப்பு. மிச்ச இரண்டு பங்கும், நமக்குப் பின்னால் வந்த யாரோ நமக்கு முன்னால் பையைத் தூக்கிக்கொண்டு போவதற்கு. சனி பகவானை விட்டுவிடலாம். கவுண்டருக்கு ஒரு வரிசை என்று வைத்ததுதான் கோளாறு. கவுண்டர் எத்தனை இருந்தாலும் வரிசை ஒன்றுதான் இருக்க வேண்டும். வரிசையில் முதலில் நிற்பவர் எது காலியோ அங்கே போக வேண்டும்.

‘ஆளைப் பார்த்து வரிசையைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்தவனுக்கு இதெல்லாம் எதற்கு?’ என்று கேட்கும் கெட்டிக்காரர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். தள்ளுவண்டி நிறைய அரிசியும் எண்ணெயும் வைத்திருப்பவரைக் கண்டதும் ஓடி, கையில் ஒரே ஒரு பிஸ்கட் பொட்டலத்தோடு ஐந்து பேர் நிற்கும் வரிசையில் சேர்ந்துகொள்வார்கள். அங்கேதான் ஏமாற்றம். பொருளைக் கருவியில் காட்டி ‘பீப்’ வாங்குவது நொடிக் கணக்கு. நேரத்தைத் தின்பது அதற்கு அப்புறம் வரும் சடங்கு. ‘மெம்பர் அடா?’ என்ற கேள்விக்குக் கைப்பேசி எண்ணைச் சொல்ல வேண்டும்; சொன்ன எண் வீட்டுக்காரியுடையதாக இருக்கும். ‘பிளாஸ்டிக் நாக்?’ என்றால், 20 சென் தண்டம் என்று முதலில் மறுத்து, பிறகு சாமானைப் பார்த்து மனம் மாற வேண்டும். கியூஆர் படத்துக்கு நேரே கைப்பேசியை நீட்டும்போது இணையம் சுற்றிக்கொண்டே இருக்கும். 2008 ஏப்ரல் 1 முதல் 1 சென் காசு ஒழிந்து, தொகை 5 சென்னுக்கு முழுமையாக்கப்படுகிறது; ஆனால் சில்லறைப் பையைக் கவிழ்த்து எண்ணும் பழக்கம் ஒழியவில்லை. வண்டி நிறைய வைத்திருப்பவருக்கு இந்தச் சடங்கு ஒரு தடவை. பிஸ்கட்காரர்கள் ஐந்து பேருக்கும் ஐந்து தடவை.

இப்போது இதில் அரசாங்கத்தின் சாரா உதவியும் சேர்ந்திருக்கிறது. 2025 ஆகஸ்ட் 31 முதல் 18 வயது நிரம்பிய குடிமக்கள் அனைவருக்கும் மைகார்டு வழியாக 100 ரிங்கிட் என்றதும், முதல் நாளிலேயே நெரிசல் தாங்காமல் கணினி அமைப்பே திணறியது. உதவி நல்ல உதவி, கவுண்டருக்குத்தான் சோதனை. அட்டையைச் செருகினால் கருவி படிக்காது. முன்னால் நிற்கும் பாட்டி அதை வாங்கி, தங்கநிறச் சில்லை முந்தானையில் துடைத்து மறுபடி கொடுப்பார். படித்தாலும், பட்டியலில் உள்ள பொருளுக்கு ஒரு பில், இல்லாததற்குத் தனிக் காசு. எதை எடுத்து வைத்துவிடலாம் என்று அங்கேயே ஒரு குடும்ப மாநாடு கூடும். பாட்டிமேல் குற்றமில்லை. ஆனால் தனித்தனி வரிசைக் கடையில், அவருக்குப் பின்னால் நிற்கும் ஏழு பேர் மட்டும் முழுத் தாமதத்தையும் சுமக்கிறார்கள். பக்கத்து வரிசைக்கு ஒரு நொடி நட்டமில்லை. ஒரே வரிசையாக இருந்தால் அந்தக் கவுண்டர் மட்டும் நிற்கும், மற்றவை வரிசையை இழுத்துக்கொண்டே போகும். தாமதம் எல்லார் தலையிலும் கொஞ்சம் கொஞ்சமாக விழும். பாட்டியும் முதுகில் ஏழு பேர் பெருமூச்சு படாமல் நிம்மதியாக எண்ணலாம்.

இதை யாரும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கோபன்ஹேகன் தொலைபேசி நிலையத்தில் அழைப்புகள் காத்துக் கிடப்பதை வைத்து எர்லாங் என்ற டேனிஷ்காரர் 1909லேயே கட்டுரை எழுதி, காத்திருப்புக்குக் கணக்குப் போடலாம் என்று காட்டிவிட்டார். நம் வங்கியிலும் தபால் நிலையத்திலும் எண் சீட்டு கொடுப்பது இந்த ஒரே வரிசைதான். நிற்பதற்குப் பதில் உட்கார வைத்திருக்கிறார்கள், அவ்வளவே. எதிர்வாதமும் உண்டு. தனித்தனி வரிசை இருந்தால் வேலை செய்பவர் தன் வரிசை என்ற பொறுப்போடு வேகமாகச் செய்வார் என்று ஓர் அமெரிக்க மருத்துவமனையின் அவசரப் பிரிவை ஆராய்ந்து 2015இல் எழுதியிருக்கிறார்கள். மருத்துவருக்கு அது சரி. நோயாளியோடு எவ்வளவு நேரம் என்பது பெரும்பாலும் அவர் கையில். கவுண்டர் பெண்ணின் வேகமோ அட்டைக் கருவியின் கையிலும் வாடிக்கையாளரின் கைப்பையின் ஆழத்திலும் இருக்கிறது. அவள் எவ்வளவு பொறுப்போடு இருந்தாலும் இணையம் பொறுப்போடு இருக்க வேண்டுமே.

‘வரிசை வாசல் வரை நீண்டால் வந்தவன் திரும்பிப் போய்விடுவான்’ என்பது கடைக்காரரின் பயம். முதல் வாரம் இரண்டு பேர் போகலாம். வரிசை நீளம்தான், ஆனால் நிற்காமல் நகர்கிறது என்று தெரிந்த பிறகு யாரும் போகமாட்டார்கள். பின்னால் வந்தவன் முன்னால் போவதுதான் ஆளை எரிய வைக்கும், நீளம் அல்ல. தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டுக்கும் சம்பளத்துக்கும் நின்று பழகிய குடும்பங்கள் இவை. நிற்பதற்கு அஞ்சுபவர்கள் இல்லை. ‘இடம் போதாது’ என்பது அடுத்தது. இரண்டே கவுண்டர் உள்ள சின்னக் கடையில் இது நியாயம்தான். ஆனால் கவுண்டர் முன்னால் அடுக்கிய சாக்லேட் அலமாரியை ஓரடி தள்ளினால் வளைந்து நிற்க வழி பிறக்கும். அலமாரியை இழக்கவும் வேண்டாம். வரிசை வளையும் பக்கமெல்லாம் அதையே வைத்தால், ஒரு கவுண்டர் பிள்ளைகளுக்குப் பதில் எல்லாப் பிள்ளைகளும் அழுது கேட்கும். செலவு ஒரு கயிறு, நான்கு கம்பம். தென்னை மண்டிய மாவட்டத்தில் கயிற்றுக்குப் பஞ்சம் என்று எந்த முதலாளியும் சொல்ல முடியாது.