அகராதி அபேட்சகர்

நம் நாட்டில் அபேட்சகர்கள் பல வகைப்படுவர். சட்டசபைக்கு நிற்பவர் ஒரு வகை. சர்க்கார் வேலைக்கு மனுப் போட்டுவிட்டுத் தபால்காரரின் முகத்தையே தெய்வ சந்நிதானமாகப் பாவித்து வாசலில் நிற்பவர் இன்னொரு வகை. இவ்விரு வகையாரையும் சிரத்தையில் விஞ்சிய மூன்றாம் வகையார் ஒருவர் உண்டு. பொறியியல் கல்லூரியில் மூன்று வருஷப் படிப்பை எப்படியோ ஒப்பேற்றிவிட்டு, அமெரிக்க ஸர்வகலாசாலை ஒன்றில் மேற்படிப்புக்கு இடம் பெறும்பொருட்டு, ஜி.ஆர்.ஈ. என்னும் பரீட்சைக்காக ஆங்கிலச் சொற்களை இரவு பகலாகப் பாராயணம் செய்யும் வாலிபர்தாம் அவர். மயிலாப்பூரிலும் அண்ணா நகரிலும் திருச்சித் தில்லை நகரிலும் வீதிக்கு ஒருவராக அவரைத் தரிசிக்கலாம். பஸ்ஸில் அமர்ந்து, கண்களை அரைவாசி மூடி, உதடுகள் மட்டும் அசைய, கையிலுள்ள சிறு அட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருக்கும் அவரைக் கண்டு, பக்கத்தில் நிற்கும் பாட்டியம்மாள், ‘இந்தக் காலத்திலும் ஸ்தோத்திரம் சொல்லும் பிள்ளை இருக்கிறதே!’ என்று மனம் குளிர்வதுண்டு.

கணிதப் பகுதியைப் பற்றி நம் அபேட்சகருக்கு லவலேசமும் கவலை கிடையாது. அதை அவர் பத்தாம் வகுப்பிலேயே முடித்துவிட்டதாகச் சொல்லுவார். அது பெரும்பாலும் உண்மையே. அவருடைய நித்திரையைக் கெடுப்பதெல்லாம் ‘வெர்பல்’ என்னும் ஆங்கிலப் பகுதிதான். 1930களில் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், கொலம்பியா ஆகிய நான்கு ஸர்வகலாசாலைகளோடு கார்னகி அறக்கட்டளை சேர்ந்து தொடங்கிய இந்தச் சோதனை, 1947ல் ஸ்தாபிதமான ஈ.டி.எஸ். என்னும் அமைப்பின் கைக்கு வந்து, தலைமுறை தலைமுறையாக வாலிபர்களை வாட்டி வருகிறது. ஒரு சொல்லைக் கொடுத்து அதன் எதிர்ச்சொல்லைக் கேட்கும் வினாக்களையும், சொல்லுக்குச் சொல் ஒப்புமை காணும் வினாக்களையும் 2011ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் அடியோடு ஒழித்துவிட்டு, வாக்கியத்தின் நடுவே விட்ட இடத்தை நிரப்புவதற்கும், பத்தியைப் படித்துப் பொருள் காண்பதற்குமே இடங்கொடுத்தார்கள். தனிச்சொற்களை உருப்போட்டுப் பயனில்லை என்று பரீட்சை நடத்துகிறவர்களே பறையறைந்து சொன்னதற்கு இது சமானம். ஆனால் நம் அபேட்சகர் பறையொலிக்கு மயங்குகிறவர் அல்லர். பெரியப்பா மகன் கொடுத்த பாரன்ஸ் புத்தகத்தில் 3500 சொற்கள் இருக்கின்றன, அவற்றை விழுங்கினால் அமெரிக்கா, விழுங்காவிட்டால் அம்பத்தூர். இதுவே அவருடைய சித்தாந்தம்.

அந்தப் புத்தகத்தைக் கையில் வாங்கிப் பார்ப்பவர்களுக்கு ஒரு விஷயம் சட்டென்று புலப்படும். ‘ஏ’ என்னும் எழுத்துக்குரிய பக்கங்கள் மஞ்சள், பச்சை, ரோஜா வர்ணக் கோடுகளாலும், ஓரக்குறிப்புகளாலும், காப்பிக் கறைகளாலும் நிறைந்து, திருவிழா முடிந்த தேர்முட்டிபோலத் தோற்றமளிக்கும். ‘பி’யில் கோடுகள் அருகும். ‘சி’க்கு அப்பால், அச்சகத்திலிருந்து வெளிவந்த அன்று இருந்த கன்னித் தூய்மையுடனேயே தாள்கள் விளங்கும். காரணம் யாதெனில், நம் அபேட்சகர் நல்ல நாள் பார்த்துத் தொடங்குகிறவர். விஜயதசமியன்று ஆரம்பித்து, நடுவே கல்லூரிப் பரீட்சையால் தடைப்பட்டு, ஆங்கில வருஷப் பிறப்பன்று மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்து, அதுவும் தடைப்பட்டுச் சித்திரை முதல் தேதியன்று மீண்டும் முதலிலிருந்து ஆரம்பிப்பார். ஆகவே ‘ஏ’யில் தொடங்கும் நற்குணங்களையும் துர்க்குணங்களையும் பற்றி அவர் ஒரு பிரசங்கமே செய்யவல்லவர், ‘எஸ்’ஸில் தொடங்கும் குணம் உடையவர்களைக் கண்டால் மௌனம் சாதிப்பார்.

சொற்களை உருப்போடுவது தமிழ் மண்ணுக்குப் புதிதன்று. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் சிறுவர்கள் சூடாமணி நிகண்டைத் தலைகீழாகச் சொன்னார்கள். அதன் 12 தொகுதிகளில் பதினோராவது, ஒரே சொல்லுக்குரிய பல பொருள்களை அடுக்கிச் சொல்லுவது. ஆனால் நிகண்டு செய்த மண்டல புருடர் கருணையுள்ளவர். எதுகையும் மோனையும் கூடிய விருத்தங்களாகப் பாடிவைத்ததால், சொல் தானாகவே நாவில் வந்து உட்கார்ந்தது. பாரன்ஸ் பட்டியலில் அந்தச் சௌகரியம் இல்லாமையால், நம் அபேட்சகர் தாமே சில உபாயங்களைக் கற்பித்துக்கொள்கிறார். ‘லகோனிக்’ என்றால் சொற்பமாகப் பேசுகிறவன். வாய்க்கு லகான் போட்டவன் என்று ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். ‘மிட்டிகேட்’ என்றால் தணித்தல். மிட்டாய் கேட்டு அழும் குழந்தைக்கு அதைக் கொடுத்துவிட்டால் அழுகை தணியும் அல்லவா? இப்படி ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு குட்டிக் கதை கட்டி, சொற்களோடு கதைகளையும் சேர்த்துச் சுமக்கிறார்.

சுமை கனத்தால் இறக்கிவைக்க இடம் வேண்டுமே! அந்தப் பாக்கியம் வீட்டாருக்கு வாய்க்கிறது. “இன்னொரு தோசை போடட்டுமாடா?” என்று தாயார் சமையலறையிலிருந்து கேட்டால், “ஐ ஆம் சேஷியேட்டட், அம்மா” என்று பதில் வரும். “வேணுமா வேண்டாமா, அதைச் சொல்லுடா, கல்லு காயுது!” என்பார் அந்த அம்மாள். தங்கை சற்று அதிகமாகப் பேசினால், “நீ ஒரு காரலஸ்” என்பார், அவள் கண் கலங்கி, “அப்பா, அண்ணா என்னைக் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டறான்!” என்று பிராது கொடுப்பாள். தகப்பனார், அது கெட்ட வார்த்தைதானா என்று நிச்சயமாகத் தெரியாமையால், இருவரையும் பொதுவாகக் கண்டித்துவிட்டுப் பத்திரிகைக்குள் முகத்தை மறைத்துக்கொள்வார்.

அந்தப் பத்திரிகையும் பத்திரமாக இருப்பதில்லை. டெக்ஸாஸிலிருந்து பெரியப்பா மகன் தொலைபேசியில் செய்த உபதேசம், “தினமும் ஹிந்து எடிட்டோரியல் படிடா” என்பது. அதைச் சிரமேற்கொண்ட அபேட்சகர், காலையில் பென்சிலும் கையுமாக அமர்ந்து, தலையங்கத்தில் தெரியாத சொற்களையெல்லாம் அடிக்கோடிட்டு, அட்டையில் எழுதிக்கொண்டு எழுந்துவிடுவார். தலையங்கம் எதைப் பற்றியது என்று யாரேனும் கேட்டால், “இன்னிக்கு நாலு வார்த்தை கிடைச்சது மாமா” என்பார். ஒரு மந்திரிசபையே கவிழ்ந்தாலும் அவர் கண்ணுக்குப் படுவது, கவிழ்ந்ததைக் குறிக்கும் வினைச்சொல் ஒன்றுதான். பலாச்சுளையைத் தள்ளிவிட்டுக் கொட்டையைப் பொறுக்குகிறவர் என்று அவரைச் சொன்னால் தவறாகாது.

பத்தியைப் படித்துப் பதில் சொல்லும் பயிற்சியோ தனிப்பட்ட விருத்தாந்தம். ஆசிரியர் கருதுவது யாது, இதிலிருந்து ஊகிக்கத்தக்கது எது என்ற வினாக்களிலேயே உழன்று உழன்று, பெட்டிக்கடையில் ‘இன்று ரொக்கம், நாளை கடன்’ என்ற பலகையைக் கண்டாலும், நாளைக்கு வந்தால் கடன் கிடைக்கும் என்பது நியாயமான ஊகந்தானா என்று அவர் வீதியிலேயே நின்று யோசிக்கத் தொடங்கிவிட்டார். பயிற்சி வகுப்பில், முதலில் கேள்விகளைப் பார், பிறகு பத்தியின் முதல் வரியையும் கடைசி வரியையும் பார், நடுவில் உள்ளதைக் கண்ணால் தடவிக்கொண்டு போ என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதன்படியே அத்தனை பத்திகளையும் தடவிக்கொண்டு போனார்.

இந்நிலையில் ஒரு நாள் பிற்பகல், ரெயில்வே கணக்கு இலாகாவிலிருந்து ஓய்வு பெற்ற தாத்தா, பொழுது போகாமல் அந்தப் பயிற்சிப் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அத்திக்காயின் உள்ளே புகுந்து முட்டையிடும் குளவியைப் பற்றியும், குளவியின்றி அத்தியும் அத்தியின்றிக் குளவியும் வம்சம் விருத்தியடையாத விந்தையைப் பற்றியும் ஒரு பத்தி இருந்தது. தாத்தா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, மெள்ள, வரி வரியாக, நடுநடுவே “அடேயப்பா!” என்று சொல்லிக்கொண்டு படித்தார். தெரியாத சொற்கள் அவருக்கும் வந்தன. ஆனால் குளவியின் மேல் இருந்த சுவாரஸ்யத்தில் அவற்றைத் தாண்டிப் போனார். அடுத்த வரிக்குப் போனதும் பின்னால் விட்டுவந்த சொல்லின் பொருள் தானாகவே வந்து சேர்ந்துகொண்டது. அடியிலிருந்த நான்கு கேள்விகளுக்கும் பேரன் பென்சிலால் பதில் குறித்திருந்தார். அவற்றுள் ஒன்று சரி. தாத்தா சொன்ன நான்கும் சரி.

பேரன் இதை எளிதில் ஒப்புக்கொள்வாரா? “தாத்தா, நாற்பத்தோரு நிமிஷத்திலே இருபத்தேழு கேள்வி போடணும். நீங்க இந்த ஒரு பத்திக்கே அரை மணி எடுத்துண்டுட்டேள்” என்றார்.

“நான் எந்த வண்டியைடா பிடிக்கணும்? அது போகட்டும், இதோட மீதி எங்கே? அந்த ஆண் குளவி என்னடா ஆச்சு?” என்றார் தாத்தா, பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு. மீதி கிடையாது என்று பேரன் சொன்னதை அவரால் நம்ப முடியவில்லை. பாதிக் கதையில் நிறுத்திவிட்டுக் கேள்வி கேட்கிறவர்கள் என்ன மனிதர்கள் என்று அன்று இரவு சாப்பாட்டின்போதும் முணுமுணுத்தார்.

பரீட்சை நாளும் வந்தது. முன்னாளில் 3 மணி 45 நிமிஷம் நீடித்த இச்சோதனையை 2023 செப்டம்பரில் 1 மணி 58 நிமிஷமாகச் சுருக்கிவிட்டார்கள். துன்பம் சுருங்கியதென்று சொல்லுவதற்கில்லை, செறிந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, ஆறு சொற்களைக் கொடுத்து, அதே பொருளைத் தரும்படியான இரண்டைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் வினா ஒன்று உண்டு. ஒன்று சரியாகி மற்றொன்று பிசகினால் பாதி மார்க்கும் கிடையாது. அந்த ஆறில், வாக்கியத்தோடு ஒட்டாத இரண்டு சொற்கள் இரட்டைப் பிள்ளைகளைப்போல ஒரே பொருளுடன் நின்று கண்சிமிட்டுவதும் உண்டு. உருப்போட்ட அபேட்சகர் அந்த ஜோடியைக் கண்டவுடன் பழைய சிநேகிதர்களைக் கண்டாற்போல் மகிழ்ந்து, வாக்கியத்தைப் படிக்காமலேயே ஆலிங்கனம் செய்துகொண்டார். ‘மிட்டிகேட்’டும் வந்தது. மிட்டாய் நினைவுக்கு வந்தது, குழந்தையும் வந்தது, குழந்தை கடைசியில் அழுததா, அழுகையை நிறுத்தியதா என்பது மட்டும் வரவில்லை.

முடிவில் திரையில் தோன்றிய எண், ஆங்கிலத்துக்கு 149. இந்தக் கணக்கு 130ல் தொடங்கி 170ல் முடிவது என்பதைத் தகப்பனாருக்கு விளக்கிச் சொல்லாமல் விட்டது பிள்ளையின் சாமர்த்தியம். “கணக்கிலேதான் கெட்டிக்காரன்னு நெனச்சேன், இங்கிலீஷிலேயும் நூறைத் தாண்டிட்டான் ஸார்!” என்று அவர் அடுத்த வீட்டாரிடம் பெருமை பேசினார். இவருக்கு இடங்கொடுத்த ஸர்வகலாசாலைத் துறையோ, அண்மைக் காலத்தில் பல துறைகள் செய்ததுபோல, ஜி.ஆர்.ஈ. மார்க்கு அனுப்ப வேண்டியதில்லை என்று அறிவித்திருந்தது. அதைப் படித்த அன்று நம் அபேட்சகர் அடைந்த துக்கம், இடம் கிடைக்காதவர்கள் அடையும் துக்கத்தினும் பெரிது.

பிறகு ஜெமினி மேம்பாலத்தருகே அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் விசாவுக்கான நேர்காணல். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் நின்ற அதிகாரி, பாரன்ஸ் புத்தகத்தின் வாசனையே அறியாத சாதாரண ஆங்கிலத்தில், படிப்புக்கு யார் பணம் கட்டுகிறார்கள் என்று கேட்டார். தனவந்தர், கொடையாளர், புரவலர் ஆகிய பொருள்களைத் தரும் ஏழெட்டுச் சொற்களை அறிந்திருந்த நம் அபேட்சகர், அச்சமயத்தில் அவையனைத்தும் கைவிட, “மை ஃபாதர்” என்றார். விசா கிடைத்தது.

அக்கரை சேர்ந்த முதல் வாரத்தில், ஆராய்ச்சி வகுப்பின் பேராசிரியர் ஒரு கட்டு ஆய்வுக் கட்டுரைகளைக் கொடுத்து, அடுத்த வாரத்துக்குள் படித்துவரும்படி சொல்லியனுப்பினார். அபேட்சகர் அறைக்குப் போய், பழகிய வழக்கப்படி முதல் கட்டுரையின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கேள்விகளைத் தேடினார். காணோம். இரண்டாவதிலும் இல்லை, மூன்றாவதிலும் இல்லை. ஏதோ பக்கங்கள் விட்டுப்போயின என்று மறுநாள் பேராசிரியரிடம் போய் விநயமாக விசாரித்தபோது, அவர் சிரித்துவிட்டு, “கேள்விகளை நீதான் கொண்டுவர வேண்டும், அதற்குத்தானே இங்கே வந்திருக்கிறாய்!” என்று சொன்னாராம்.