பிவிசி பைப்புக்குள் ஏழு தலைமுறை

கல்யாண மண்டபத்தில் கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் நிற்கிறார் என்றால், குழாயில் தண்ணீர் வரவில்லை என்று புகார் சொல்ல நிற்கிறார் என்று நினைத்துவிட வேண்டாம். ஆள் பிடிக்க நிற்கிறார். மேடைக்குப் போகாமல் டிமிக்கி கொடுப்பவன் உண்டு. மொய் எழுதாமல் நழுவுகிறவன் உண்டு. சாப்பிட்டவன் எவனும் கை கழுவாமல் போக முடியாது. இந்தச் சூட்சுமம் எங்கள் பெரியப்பாவுக்குத் தெரியும். ஈரக் கையோடு நாம் கர்ச்சீப்பைத் தேடும் நேரம் பார்த்து, "தம்பி, நீங்க யாரு வீட்டுப் பிள்ளை?" என்பார்.

பதில் சொன்னால் தீர்ந்தது. அப்பா பேர், அப்பாவைப் பெத்தவர் பேர், அவர் கூடப் பிறந்தது எத்தனை, மூத்த தாரத்துப் பிள்ளையா இளைய தாரத்துப் பிள்ளையா என்று நூல் பிடித்துக்கொண்டே போவார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று தப்பிக்கவும் முடியாது. "எந்த ஊர் பஸ்?" என்று கேட்டு, அந்த ஊரில் நமக்கு யார் யார் இருக்கிறார்கள் என்று அங்கிருந்து தொடங்குவார்.

எல்லா வம்சத்திலும் இப்படி ஒருவர் உண்டு. போஸ்டாபீஸ், மின்வாரியம், பள்ளிக்கூடம் என்று எங்காவது ரிஜிஸ்தர் எழுதிப் பழகிய கையாக இருக்கும். சர்வீஸில் இருந்தவரை சொந்தத் தங்கச்சி மகள் கல்யாணத்துக்கே அரை நாள்தான் லீவு போட்டிருப்பார். ரிட்டயரான மறுமாதம் ரத்தத்தில் சர்க்கரையையும் ரத்த சம்பந்தத்தையும் சேர்த்தே தேடத் தொடங்கிவிடுகிறார். முன்னது ஆஸ்பத்திரி ஃபைலோடு நின்றுவிடும். பின்னது நம் வீட்டுக்கு வந்துவிடும்.

வரும்போது பெரியப்பாவின் தோளில் இரண்டு முனையிலும் மூடி போட்ட பிவிசி பைப் ஒன்று இருக்கும். தெரியாதவர்கள் மோட்டார் ரிப்பேருக்கு ஆள் வந்துவிட்டது என்று மொட்டை மாடிக்கு வழி காட்டியிருக்கிறார்கள். மூடியைத் திருகினால் உள்ளேயிருந்து சார்ட் பேப்பர் வரும். செலோ டேப் போட்டு ஒட்டி ஒட்டி வளர்த்தது. ஹாலில் விரிக்கத் தொடங்கினால் அடுப்படி வாசல்வரை போகும். மூலைக்கு ஒரு சொம்பு வைத்துச் சுருளாமல் பார்த்துக்கொள்வது வீட்டுக்காரர் பொறுப்பு. உயிரோடு இருப்பவர்கள் நீல மையில், போய்ச் சேர்ந்தவர்கள் சிவப்பு மையில். அதனால் இரண்டு பேனாவும் எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். சித்தப்பா ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது பெரியப்பா ஆப்பிள் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனார். சித்தப்பா ஆப்பிள் பக்கம் திரும்பவே இல்லை. "சிவப்ப எதுக்குண்ணே எடுத்தாந்தே?" என்றார்.

பெரியப்பாவின் கஷ்டங்களையும் சொல்லத்தான் வேண்டும். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969இல் வந்தது. அதற்கு முன்னாலும் சட்டம் இருந்தது என்பது எங்கள் பக்கத்தில் பிறந்தவர்களுக்கும் தெரியாது, இறந்தவர்களுக்கும் தெரியாது. மேற்படி சித்தப்பா, தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன மறுநாள் பிறந்தவர் என்பது அப்பத்தா வாக்கு. அப்படியானால் 1964 டிசம்பர். பள்ளிக்கூடச் சான்றிதழில் 1966 ஜூன் 1. கையைத் தலைக்கு மேலே சுற்றிக் காதைத் தொடச் சொல்லிவிட்டு ஹெட்மாஸ்டர் போட்ட தேதி. எங்கள் வம்சத்தில் பாதிப்பேர் ஜூனில் பிறந்திருப்பதன் ரகசியம் இதுதான். "சான்றிதழ் போடவா, அப்பத்தா சொன்னதப் போடவா?" என்று பெரியப்பா கேட்டார். "மெதுவாக் கேளுண்ணே, பென்ஷன் வாங்குறேன்" என்றார் சித்தப்பா.

இதைவிடப் பெரிய வில்லங்கம் கோயில் மணி. எங்கள் குலதெய்வம் அய்யனார். வீட்டுக்கு ஒரு பிள்ளைக்காவது அந்தப் பேரை வைத்துவிடுவார்கள். தாத்தா பேரைப் பேரனுக்கு வைக்கிற வழக்கமும் உண்டு. ஆகவே ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அய்யனார்களாகவே வருவார்கள். கோயில் மணியில் 'விரோதி வருஷம் ஆவணி மாதம் அய்யனார் உபயம்' என்று வெட்டியிருக்கிறது. தமிழ் வருஷமோ அறுபதுக்கு ஒரு தடவை திரும்பி வருவது. 1949 விரோதி வருஷம், 1889ம் விரோதி வருஷம். 1949இல் ஒரு அய்யனார் இருந்தார். 1889இல் அவருடைய தாத்தா அய்யனார் இருந்தார். மணி தாத்தா கொடுத்ததென்றால் அவர் வழியில் வந்த இரண்டு வீட்டுக்கும் பாத்தியம், பேரன் கொடுத்ததென்றால் ஒரு வீட்டுக்கு மட்டும். பெரியப்பா மாதக்கணக்கில் ஆராய்ந்து, இரண்டு தரப்பு சொல்வதும் சரியாக இருக்க வாய்ப்பு உண்டு என்று தீர்ப்புச் சொன்னார். அந்த வருஷம் பூசையில் மணியை யாருமே அடிக்கவில்லை.

ஆதாரம் தேடிப் போகிற இடத்தில் மரியாதை கிடைப்பதில்லை. "பழைய பத்திரம் இருந்தா ஒரு தடவ பாத்துட்டுத் தாரேன்" என்று சொன்ன மாத்திரத்தில், அதுவரை மாமா என்று வாய் நிறையக் கூப்பிட்ட வீடு, "பத்திரம்லாம் பேங்க்ல இருக்குங்க" என்று மாறிவிடும். சாயங்காலமே வக்கீலுக்குப் போன் போகும். கிரயப் பத்திரத்தில் 'இன்னார் குமாரர் இன்னார்' என்று வருகிற ஒரு வரிக்காகத்தான் இவர் வந்தார் என்று சொன்னால் எந்த வக்கீல் நம்புவார்?

ஆகவே பெரியப்பா வேறு வழி கண்டுபிடித்தார். பதினாறாம் நாள் கருமாதிப் பத்திரிகை. மகன்மார், மகள்மார், மருமக்கள், பேரன் பேத்தி, கொள்ளுப்பேரன் என்று ஒருவர் விடாமல், விட்டால் வெட்டுக்குத்து ஆகிவிடும் என்ற பயத்தோடு அச்சடித்த ஆவணம் இதைவிட்டால் வேறு கிடையாது. ஊர் உலகத்தில் அதைப் படித்தவுடன் கிழித்துப் போடுவார்கள், வீட்டில் வைக்கக் கூடாதென்பது சாஸ்திரம். பெரியப்பா ஃபைல் போட்டு வைத்தார். பெரியம்மா அதைத் தூக்கி மாட்டுக்கொட்டகையில் வைத்தார். ஆராய்ச்சி இன்றைக்கும் அங்கேதான் நடக்கிறது.

அடுத்தது மொய் நோட்டு. தகரப் பெட்டிக்குள் கிடந்த 1958ஆம் வருஷத்து நோட்டு ஒன்றை எனக்கும் காட்டினார். பிள்ளையார் சுழி, அடுத்த வரியில் தாய்மாமன் பதினொரு ரூபாய், அதற்கப்புறம் ஊர் பேரோடும் தகப்பன் பேரோடும் ஒன்று, இரண்டு, எட்டணா என்று பக்கம் பக்கமாக. பெரியப்பாவுக்கு இது கல்வெட்டு. அதில் ஓர் ஐந்து ரூபாயை நம் வீட்டிலிருந்து திருப்பிச் செய்யவே இல்லை என்பதையும் கண்டுபிடித்தார். கண்டுபிடித்ததோடு நின்றிருக்கலாம். யோக்கியர் ஆகையால் தேடிப்போய்ச் சொன்னார். அந்த வீட்டார் ஐந்து ரூபாயை வாங்க மறுத்துவிட்டு, 1958இல் பவுன் என்ன விலை என்று கேட்கத் தொடங்கினார்கள்.

இத்தனை தேடியும் சார்ட்டில் பெண்களைக் காணோம். பத்திரத்தில் குமாரர்தான் வருவார், மொய் நோட்டிலும் ஆண் பேர்தான். பெரியப்பா பெண் 1, பெண் 2 என்று கட்டம் போட்டு வைத்திருந்தார். சொம்பு வைக்க வந்த பெரியம்மா குனிந்து பார்த்துவிட்டு, "இதுல நாந்தான் மூணா?" என்றார். அன்று ராத்திரி அவருக்கு உப்புமாதான்.

மறுநாள் பெரிய அத்தையிடம் போனார். தொண்ணூறைத் தாண்டியவர். வெற்றிலை இடித்துக்கொண்டே, யாரை எங்கே கொடுத்தது, யாருக்கு என்ன நகை போட்டது, எந்தச் சம்பந்தி பந்தியில் கோபித்துக்கொண்டு எழுந்தது, எந்தப் பிள்ளை பால் மறக்குமுன் செத்தது என்று ஏழெட்டு ஊர்களை மூச்சு விடாமல் சொன்னார். இரண்டு வருஷ ஆராய்ச்சி ஒரு மத்தியானத்தில் வந்துவிட்டது. ஒரே சிக்கல், வாக்கப்பட்டு வந்தவர்களை அந்தக் காலத்தில் பேர் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. பிறந்த ஊர்தான் பேர். "கமுதியா பெத்தது நாலு. மூத்தவள அருப்புக்கோட்டைக்குக் குடுத்தோம். மானாமதுரையாளுக்குப் பிள்ளையே இல்ல." பெரியப்பா எழுதிக்கொண்டார். இப்போது எங்கள் பாட்டிமார் வரிசையை மேலிருந்து கீழே படித்தால் பஸ் போர்டு படித்தது போல இருக்கும்.

இடையில் அமெரிக்காவிலிருந்து வந்த அத்தை மகன் ஒரு மென்பொருளை ஏற்றிக் கொடுத்தான். அது திணறிப்போனது. எங்கள் தாத்தா தன் சொந்த அக்கா மகளைக் கட்டியவர். அதனால் என் அப்பாவுக்கு அத்தையும் அந்த அக்காதான், அம்மாச்சியும் அந்த அக்காதான். மென்பொருள் அந்த அம்மாளை இரண்டு இடத்தில் வரைந்தது. பெரியப்பா அப்படியே நகல் எடுத்ததில், ஒரு கட்டத்தில் செத்துப்போன அம்மாச்சி இன்னொரு கட்டத்தில் நீல மையில் சௌக்கியமாக இருந்தார். அத்தை மகனையும் பெரியப்பா மகனையும் அது ஒரே வகையில் சேர்த்துவிட்டதுதான் பெரியப்பாவால் பொறுக்க முடியாதது. "ஒருத்தன் கட்டிக்கிற முறை, இன்னொருத்தன் அண்ணன். இது தெரியாத மிசினை வச்சு என்ன செய்ய?" என்று மூடிவிட்டார்.

எல்லாக் குடும்ப வரலாறும் மேலே போகப் போக ஒரு ராஜாவிடம் போய் நிற்கும். இருநூறு வருஷத்துக்கு முன்னால் காலின் மெக்கன்சி என்ற வெள்ளைக்கார சர்வேயர் ஆள் அனுப்பிப் பாளையக்காரர்களின் வம்சாவளிகளைச் சேகரித்தார். மூதாதை ராஜாவுக்கு முன்னால் ஏதாவது பராக்கிரமம் காட்டுவதும், ராஜா மெச்சி ஊர் கொடுப்பதும் அவற்றில் சகஜம். எங்கள் வம்சத்துக்கும் அப்படி ஒரு கதை வேண்டும் என்று பெரியப்பாவுக்கு ஆசை. பெரிய அத்தையைக் கேட்டதில், பூட்டன் வரி கட்ட முடியாமல் ராத்திரியோடு ராத்திரியாக ஊர் மாறி வந்தவர் என்று தெரிந்தது. அந்தக் கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது.

இந்த நிலையில்தான் தென்னாப்பிரிக்காவிலிருந்து ஒரு டர்பன்காரர் வந்தார். 1860 நவம்பர் 16ஆம் தேதி ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து போய் டர்பனில் கரை சேர்ந்தது. அன்று தொடங்கி 1911 வரை சென்னையிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் ஒன்றரை லட்சம் பேரைக் கரும்புத் தோட்டத்துக்கும் மற்ற கூலி வேலைக்கும் கொண்டுபோனார்கள். ஆளுக்கு ஒரு நம்பர், தகப்பன் பேர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உடம்பில் என்ன அடையாளம் என்று பதிவேட்டில் எழுதினார்கள். அந்தப் பதிவேட்டில் தன் மூதாதை இருந்த பக்கத்தின் நகலோடுதான் டர்பன்காரர் வந்திருந்தார். ஊர் பேரைக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருந்தார். அதை எங்கள் ஊர் என்றும் படிக்கலாம், வேறு பத்து ஊர் என்றும் படிக்கலாம். பெரியப்பா எங்கள் ஊர் என்று படித்தார். ஆள் பேர் அய்யனார், அது போதாதா? அடையாளம் என்ற இடத்தில், வலது முழங்காலுக்குக் கீழே தழும்பு என்றிருந்தது.

பெரியப்பா ஒரு நொடி யோசித்தார். சட்டென்று வேட்டியைத் தூக்கி வலது காலை நீட்டினார். "பாத்தீங்களா, வம்சத் தழும்பு!" என்றார். அது பரமக்குடி ரோட்டில் சைக்கிளிலிருந்து விழுந்து பட்டது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். டர்பன்காரர் ஒரு வார்த்தை தமிழ் அறியாதவர். அவர் அந்தக் காலைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டார். பிறகு யார் வாயைத் திறப்பது? இலை போட்டோம். பைப் திறந்தது, நீலப் பேனா எடுத்தார், டர்பனில் பதினேழு கட்டம் ஏறியது.

கார்த்திகை மாதம் டர்பனிலிருந்து செய்தி வந்தது. அங்கே ஒரு பெரியவர் தவறிவிட்டார். சிவப்புப் பேனாவைத் திறந்த கையோடு வாட்ஸப் குழுவில் பெரியப்பா அறிவித்தார்: "பங்காளி சாவு. பதினாறு நாள் தீட்டு." சபரிமலைக்கு மாலை போட்டிருந்த மூன்று பேர் கழற்ற வேண்டியதாயிற்று. ஒரு வீட்டில் நிச்சயதார்த்தம் தள்ளிப்போனது. பழனிக்கு வேன் பேசியிருந்தவருக்கு அட்வான்ஸ் போனது. முகம் தெரியாத ஒரு மனிதருக்காக எங்கள் தெருவே இத்தனை மனமார வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை.

மாசி சிவராத்திரிக்குக் குலதெய்வம் கோயிலில் கூட்டம் கூடியது. மாலை கழற்றிய மூவரில் ஒருவன் எழுந்து, கார்த்திகையிலிருந்து தை வரை புதுப் பங்காளி யாரையும் சேர்க்கக் கூடாது என்று தீர்மானம் கொண்டுவந்தான். பெரியப்பா விடவில்லை. "மொரீஷியஸ்காரவுகளுக்கு ஏழாந் தலைமுறை வரைக்கும் வெளிநாட்டு இந்தியர் அட்டை தாரோம்னு 2024ல கவர்மெண்டே சொல்லிருச்சு. நீ மூணாந் தலைமுறை பேர் தெரியாம முழிக்கிற" என்றார். சத்தம் கூடியது. அப்போது பொருளாளர் தொண்டையைக் கனைத்தார். டர்பன் வகையறா பதினேழு பேரும் ஆளுக்கொரு தலைக்கட்டு வரியாக அனுப்பிவிட்டார்கள், ராஜகோபுரத்துக்கு வெள்ளையடித்ததே அந்தப் பணத்தில்தான் என்றார். உள்ளூரில் இன்னும் பாக்கி வைத்திருப்பவர்கள் பட்டியலையும் படிக்கட்டுமா என்று கேட்டார்.

தீர்மானம் திருத்தத்தோடு நிறைவேறியது: கடல் தாண்டிய பங்காளிக்குத் தீட்டு மூன்று நாள், வரி முழுசு.

கூட்டம் கலையுமுன் பெரியப்பா பைப்பின் மூடியைத் திருகிக்கொண்டே, "மொரீஷியஸ்ல நமக்கு ஒரு நாலு தலைக்கட்டு இருக்குற மாதிரி தெரியுதப்பா" என்றார். பொருளாளர் அவசரமாக ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார்.